சம்பில் எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது?

மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. பேசப்போவது தண்ணீரைப் பற்றி மட்டும்தான். கார்பஸ் ஃபண்டில், அதாவது எங்கள் பொது இருப்பு நிதியில், ஆறு லட்சம் சேர்ந்திருக்கிறது, அதை எதில் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் லாரிக்காரரோடு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள் சிலர். தெருவில் குழாய் பதித்தாகிவிட்டது, மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின், இணைப்பு வாங்கிவிடலாம் என்கிறார்கள் சிலர். பழைய கிணற்றைத் தூர்வாரி மழைநீரை அதில் இறக்கலாம், இரண்டாவதாக ஒரு சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கட்டலாம், வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்று யோசனைகள் நீள்கின்றன. எல்லாவற்றுக்கும் மதிப்பீடு வாங்கிக் கூட்டிப் பார்த்தேன், பதினொன்றரை லட்சம் ஆகிறது. அதனால் சிலவற்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு வருஷமாகத் தண்ணீர்க் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். தென்சென்னையில் இதே நிலையில் நூற்றுக்கணக்கான குடியிருப்புகள் இருக்கின்றன, அவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன ஏப்ரலில் ஒருநாள், மணி ஒன்றரை இருக்கும், லாரித் தண்ணீர் ஒரு லோடு வந்தது. 12,000 லிட்டர் என்றுதான் எப்போதும் பில். எங்கள் சம்ப் உள்ளே 15 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி ஆழம். அதில் 12,000 லிட்டர் விழுந்தால் 2 அடி 10 அங்குலம் ஏற வேண்டும், இது பள்ளிக்கூடக் கணக்கு. அன்றைக்கு எனக்கு என்னவோ தோன்றி, அங்குலம் குறித்து வைத்திருந்த ஒரு மூங்கில் கழியை லாரி ஹோஸைப் போடுவதற்கு முன்னால் ஒருமுறையும், ஹோஸைச் சுருட்டிய பிறகு ஒருமுறையும் இறக்கிப் பார்த்தேன். ஈரக்கோடு 2 அடி 5 அங்குலம்தான் ஏறியிருந்தது. அதாவது 10,250 லிட்டர். மோட்டார் நிறுத்தித்தான் இருந்தது, மேல் டேங்குக்கு ஒரு சொட்டும் போகவில்லை. டிரைவரிடம் கேட்டால், "சார், மேடு பள்ளத்துல வரும்போது கொஞ்சம் சிந்தும் சார்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விடிகாலை நாலு மணியிலிருந்து வண்டியிலேயே இருக்கிற மனுஷன். உரிமையாளருக்குப் போன் போட்டேன். "வேணாம்னா சொல்லுங்க சார், நாளைக்கு உங்க லோடை வேற எடத்துக்கு அனுப்பிடறேன்" என்றார், அவ்வளவுதான் பதில். அந்த லோடு வருவதற்கு முன் சம்பில் அரையடித் தண்ணீர்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு 1,500 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.

லிட்டர் குறைந்ததைவிட என்னை அதிகம் உறுத்தியது, என்னால் பதில் பேச முடியாமல் போனதுதான். எங்கள் சம்ப் நிறைந்தால் 34,000 லிட்டர். தலைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 24 வீட்டில் 96 பேருக்கு ஒரு நாளைக்கு 13,000 லிட்டர் வேண்டும். ஆக சம்ப் நிறைய இருந்தாலும் இரண்டரை நாள்தான் தாங்கும். இரண்டரை நாளைக்கு மேல் பொறுக்க முடியாதவன் விலை பேச முடியாது. கையில் இருப்பு இல்லாதவனுக்கு எதிராளி சொல்வதுதான் விலை. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் எல்லா யோசனைகளையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நகரத்துக்கும் இதே கதைதான். ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் கொள்ளளவைப் பாருங்கள்: பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை 500. ஐந்தும் தளும்ப நிறைந்தால் 11.757 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 2,831 கோடி லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 23 லட்சம் லோடுக்கு மேல். சென்னைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி லிட்டர் என்று வைத்தால் மாதத்துக்கு ஒரு டிஎம்சி போய்விடும். ஐந்து ஏரிகளும் முழுசாக நிறைந்து, ஒரு சொட்டுகூட ஆவியாகாமல் இருந்தால் பதினோரு மாதம் வரும். ஆவியாகாமல் இருக்குமா, சித்திரை வெயிலில்? ஆக நகரத்தின் சம்ப் ஒரு வருஷத்துக்கும் குறைவு. ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அடுத்த கோடையில் மாட்டிக்கொள்வோம். 2018இல் பொய்த்தது, 2019 ஜூனில் ஏரிகள் வறண்டன. 83 கோடி லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் 52.5 கோடி லிட்டர்தான் கொடுக்க முடிந்தது, அதிலும் கல்குவாரித் தண்ணீர்வரை சேர்த்து. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலில் வந்தது. அதை டிவியில் பார்த்து எங்கள் மாடியில் எல்லோரும் கை தட்டினார்கள். நகரத்தின் ஒரு நாள் தேவையில் அது அரை சதவீதம்கூட இல்லை. அந்தக் கோடையில் நாங்கள் ஒரு லோடுக்கு 5,000 ரூபாய் கொடுத்தோம்.

அதற்கு நான்கு வருஷம் முன்னால், 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரி, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அந்த அளவு ஒரு முழு நாள் ஓடினால் இரண்டரை டிஎம்சி, நகரத்துக்கு இரண்டரை மாதத் தண்ணீர். அத்தனையும் அடையாற்றில் இறங்கிக் கடலுக்குப் போனது, போகிற வழியில் எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சென்னைக்கு வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை. மழை குறைந்த ஊர் இல்லை இது. சில வாரங்களில் கொட்டுவதை மிச்ச மாதங்களுக்கு வைத்துக்கொள்ள நமக்கு இடம் இல்லை.

சரி, யோசனைகளுக்கு வருகிறேன்.

லாரி ஒப்பந்தம். இதற்கு முதலீடு ஒரு ரூபாயும் வேண்டாம், அதனால்தான் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது பிடித்திருக்கிறது. போன வருஷம் 210 லோடு வாங்கியிருக்கிறோம், மொத்தம் 3,46,500 ரூபாய், சராசரி லோடுக்கு 1,650. வீட்டுக்கு வருஷத்துக்கு 14,400 சொச்சம். வருஷ ஒப்பந்தம் போட்டால் லோடு 1,450க்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். ஆனால் அவர் எழுதிக் கொடுத்த தாளில் "கோடைக்காலத்தில் நிலவரப்படி" என்று ஒரு வரி இருக்கிறது. நமக்கு லாரி வேண்டியிருப்பதே கோடையில்தான், கார்த்திகையில் யாருக்கு லோடு வேண்டும்? அந்த ஒரு வரி இருக்கிறவரை அந்த ஒப்பந்தத்தை ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நகரத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து, ஆழ்துளை போர்களிலிருந்து. ஒருநாள் லாரியின் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வரப்பு அழியாத வயல், அதில் நெல் இல்லை, கிணற்று மேட்டில் 15 குதிரைச் சக்தி மோட்டார், வரிசையாக ஆறு லாரி. பக்கத்துத் தெருவில் நான்கைந்து பெண்கள் பஞ்சாயத்துக் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி என்னிடம், "மெட்ராஸ்லேர்ந்து வர்றியா தம்பி? எங்க கெணத்த எறைச்சுட்டுப் போயிட்டா நாங்க எங்க போறது" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் நாம் கொடுக்கிற ஒவ்வொரு 1,500 ரூபாயும் அந்த மோட்டாரை ஓட்டுகிறது. லாரியை நாளைக்கே நிறுத்திவிட முடியாது, தெரியும். ஆனால் அதை நிரந்தர ஏற்பாடாக்க நான் கை தூக்க மாட்டேன்.

அடுத்து மெட்ரோ வாட்டர். இதைப் பற்றித்தான் நிறையச் சந்தேகம், நிறையக் கோபம். விலையைப் பார்ப்போம் முதலில். மீட்டர் இல்லாத வீட்டு இணைப்புக்கு மாதக் கட்டணம் நூறு ரூபாய்ப் பக்கம்தான். ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு 500 லிட்டர் வாங்கினால் மாதம் 15,000 லிட்டர், ஆயிரம் லிட்டருக்கு ஏழு ரூபாய் விழுகிறது. லாரியில் பில்லின்படி ஆயிரம் லிட்டர் 125 ரூபாய், என் மூங்கில் கழியின்படி 146 ரூபாய், 2019 கோடையில் 400ஐத் தாண்டியது. ஒரே ஊர், சில கிலோமீட்டர் தள்ளி மயிலாப்பூரில் இருப்பவருக்கு ஏழு ரூபாய், 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த எங்கள் பகுதிக்கு அதைப்போல் இருபது மடங்கு. நம்மைவிட வசதி குறைந்தவர்கள், வாடகைக்கு ஒற்றை அறையில் இருப்பவர்கள், குடத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், அவர்கள் கொடுப்பது இன்னும் அதிகம். குழாய் இருப்பவனுக்கு மலிவு, இல்லாதவனுக்கு யானை விலை.

இதற்கு மேல் வரி வேறு. வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி, அரையாண்டுக்கு ஒருமுறை. "தண்ணியே வராம வரி எதுக்கு" என்பது எங்கள் பொதுக்குழுவில் வருஷா வருஷம் எழுகிற கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு விடையும் குழாயை வாங்குவதில்தான் இருக்கிறது. வரியைக் கட்டிக்கொண்டு லாரிக்கும் கொடுப்பது இரட்டைச் செலவு.

அந்த ஏழு ரூபாய் உண்மையான விலையா என்றால், இல்லை. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணீருக்குப் போட்ட ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. ஏரித் தண்ணீர் தானாக ஓடி வருகிறது, கடல் தண்ணீரை ஆயிரம் லிட்டர் நல்லதாக்க மூன்றரை நாலு யூனிட் மின்சாரம் வேண்டும், அதன் பிறகு ஊருக்குள் தள்ள வேண்டும். வாரியம் 48 ரூபாய்க்கு வாங்கி ஏழு ரூபாய்க்குக் கொடுத்தால் மிச்சத்தை யாரோ தருகிறார்கள், அதாவது நம் எல்லோருடைய வரிப்பணம். நான் கட்டண உயர்வுக்கு ஆதரவாகப் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைக்கட்டும். முதல் பத்தாயிரம் லிட்டர் எல்லா வீட்டுக்கும் மலிவாக இருக்கட்டும், அதற்கு மேல் அளந்து வாங்கட்டும். கார் கழுவுகிறவனும் குடத்தோடு நிற்கிறவளும் ஒரே சலுகையைப் பகிர்ந்துகொள்வது சரியில்லை.

குழாய் வாங்கினால் 2019 போல் வற்றிவிடாதா? எங்கள் நாலாவது மாடி ரிட்டயர்டு இன்ஜினியர் சார் இதைத்தான் கேட்கிறார், கேட்க வேண்டிய கேள்வி. 2019இல் நெம்மேலியில் 10 கோடி, காட்டுப்பள்ளியில் 10 கோடி என்று இரண்டு ஆலைகள்தான். 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் இரண்டாவது ஆலை, 15 கோடி லிட்டர், 1,516 கோடி ரூபாய்ச் செலவில் திறந்தாகிவிட்டது. அந்தத் தண்ணீர் போகும் பகுதிகளின் பட்டியலில் வேளச்சேரி, உள்ளகரம் புழுதிவாக்கத்தோடு மடிப்பாக்கமும் இருக்கிறது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு 4,276 கோடி, ஜப்பான் கடனுதவி. கடல் வற்றாது, அது இந்த ஆலைகளின் ஒரே பெரிய பலம். வீராணத்திலிருந்து 2004இலிருந்து நாளுக்கு 18 கோடி லிட்டர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது, ஆனால் வீராணம் நிறைவது மேட்டூரிலிருந்து காவிரி வருவதைப் பொறுத்தது. கிருஷ்ணா தண்ணீரோ இன்னும் பலர் கையில் இருக்கிறது.

கிருஷ்ணாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த ஊரின் தண்ணீர்த் தகராறுகளில் அது ஒரு பாடம். 1983 ஏப்ரலில் போட்ட ஒப்பந்தம். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டிஎம்சி, மொத்தம் 15, வழியில் ஆவியாவது போக எல்லையில் நமக்கு 12 டிஎம்சி. கண்டலேறு அணையிலிருந்து பூண்டிவரை 177 கிலோமீட்டர் கால்வாய், அதில் 152 ஆந்திரத்தில், 25 நம்மிடம். 1996இல் முதல்முறை தண்ணீர் வந்தது. முழு 12 டிஎம்சி வந்து சேர்ந்த ஆண்டு இல்லை. கால்வாய் மண்ணாக இருந்து கசிந்தது, கரையில் உள்ளவர்கள் மோட்டார் போட்டார்கள், பிறகு புட்டபர்த்தி சத்ய சாய் அறக்கட்டளை செலவில் கால்வாய்க்குப் பூச்சு போட்டுச் சீர் செய்தார்கள், வரத்து கூடியது. ஆனாலும் கிருஷ்ணாவின் ஸ்ரீசைலம் அணையில் தண்ணீர் இருக்க வேண்டும், கண்டலேற்றில் இருக்க வேண்டும், பராமரிப்புச் செலவில் நம் பங்கைப் பற்றிய பேச்சு முடிந்திருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றுகூடினால்தான் கால்வாய் நம் எல்லைக்குள் நுழைகிற ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டில் தண்ணீர் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் நம் அதிகாரிகள் ஆந்திரத் தலைநகர் அமராவதிக்குக் கடிதம் எழுதுவதும், நான் லாரி உரிமையாளருக்குப் போன் போடுவதும் ஒரே நிலைமையில் செய்கிற ஒரே வேலை. கொடுக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ராயலசீமை விவசாயியும் அதே தண்ணீருக்குத்தான் காத்திருக்கிறார்.

புதிய ஏரி கட்டினால் என்ன என்றால், கட்டினார்கள். 1944 பூண்டிக்குப் பிறகு 2020 நவம்பரில் திறந்ததுதான் கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை. 380 கோடி ரூபாய், அரை டிஎம்சி, நகரத்துக்கு இரண்டு வாரத் தண்ணீர். அதற்கு எடுத்த நிலமும் யாரோ உழுத நிலம். இன்னொரு பூண்டி கட்ட இடம் எங்கே இருக்கிறது? இருக்கிற ஏரிகளை ஆழப்படுத்துவதும், ஊருக்குள் சுருங்கிப்போன சின்ன ஏரிகளையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் மேற்கொண்டு விழுங்காமல் விடுவதும் இதைவிட மலிவு. மடிப்பாக்கத்தில் பல தெருக்களுக்கு அடியில் இருப்பதே ஏரிதான், மழைக்காலத்தில் நம் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

ஆக இணைப்பு வாங்க வேண்டும் என்பது என் கட்சி. பிளம்பர் போட்ட கணக்கில் டெபாசிட், சாலை வெட்டுக் கட்டணம், குழாய் வேலை எல்லாம் சேர்த்து வீட்டுக்குப் பதினைந்தாயிரம் ஆகும், மொத்தம் 3,60,000. போன வருஷம் லாரிக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய அதுதான். ஒரே வருஷத்துக் காசு. ஆனால் குழாயில் தினமும் எவ்வளவு வரும், எந்த நேரத்தில் வரும் என்பது நம் கையில் இல்லை. அதனால் குழாய் மட்டும் போதாது, வருவதை வைத்துக்கொள்ளவும் வராதபோது தாங்கவும் ஏதாவது வேண்டும்.

அதற்குத்தான் இரண்டாவது சம்ப் கேட்கிறார்கள். 30,000 லிட்டர், நாலு லட்சம். ஒரு லிட்டர் இடத்துக்குப் பதின்மூன்று ரூபாய், கிடைப்பது இரண்டே கால் நாள் கூடுதல். இதே காசைக் கிணற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் மொட்டை மாடி 6,000 சதுர அடி. சென்னையின் சராசரி மழையில் அதன் மேல் விழுவது 7,80,000 லிட்டர், அதில் ஐந்தில் ஒரு பங்கு தெறித்தும் கழுவியும் போனாலும் 6,24,000 லிட்டர் மிஞ்சும். 48 நாள் தண்ணீர், 52 லோடு, 78,000 ரூபாய். இதில் இப்போது கிணற்றில் இறங்குவது எவ்வளவு? பில்டர் 2003 மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்குப் பயந்து, ஒப்புக்கு ஒரு மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார். நம் மண் களிமண், பத்தடிவரை கையில் பிசைந்தால் ஒட்டுகிற மண், மூன்றடிக் குழியில் தண்ணீர் எப்படி இறங்கும்? போன ஐப்பசியில் அந்தக் குழியின் மூடியைத் திறந்து பார்த்தேன், நேற்றைய மழை அப்படியே நின்றது, மேலே வேப்பஞ்சருகு மிதந்தது. பக்கத்திலேயே பின்பக்கம், காம்பவுண்டு ஓரம், கான்கிரீட் பலகை போட்டு மூடிய பழைய கிணறு, உறை இறக்கியது, 28 அடி. அடுக்ககம் வருவதற்கு முன் அங்கே இருந்த ஓட்டு வீட்டுக்காரர்கள் இறைத்துக் குடித்த கிணறு. மாடிக் குழாய் நான்கையும் ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக அந்தக் கிணற்றுக்குத் திருப்பி, கிணற்றில் தூர் எடுத்து, களிமண்ணைத் தாண்டி இரண்டு உறைக்கிணறு கூடுதலாக இறக்க ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஒரு வருஷத்தில் இறங்குகிற லிட்டருக்கு இருபத்திரண்டு காசு.

இறங்குகிற எல்லாமே நமக்குத் திரும்பி வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து மனைக்காரர் போரிலும் கொஞ்சம் போகும். போகட்டும், அவர் மாடித் தண்ணீர் நம் பக்கமும் வரும், அவரையும் செய்யச் சொல்லலாம். பாதி கிடைத்தாலும் 26 லோடு மிச்சம். நம் போரில் இப்போது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,800, ஷவர் தலை மூன்று மாதத்தில் வெள்ளையாக அடைத்துக்கொள்கிறது. நல்ல தண்ணீர் இறங்கினால் அந்த உப்பும் குறையும். மழைநீரை மட்டும் நம்பி ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 365 நாளில் 48 நாள்தான் அது. ஆனால் அந்த 48 நாளும் யாருக்கும் போன் போட வேண்டாத நாள்.

கடைசியில் மீட்டர், அதாவது நமக்குள்ளே இருக்கிற விலைத் தகராறு. இப்போது தண்ணீர்ச் செலவை 24ஆல் வகுத்து மெயின்டனன்ஸில் சேர்க்கிறோம். இரண்டாவது மாடியில் அம்மாவும் அப்பாவும் இரண்டே பேர், மகன் வெளிநாட்டில். அதற்கு நேர் கீழே ஆறு பையன்கள் வாடகைக்கு. இருவருக்கும் ஒரே தொகை. சதுர அடிக் கணக்கில் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அதில் இந்தத் தம்பதி இன்னும் அதிகம் கட்ட வேண்டிவரும், அவர்கள் வீடு பெரிது. மீட்டர்தான் நியாயம், எனக்கும் ஆசைதான். ஆனால் நம் கட்டடம் பழசு, ஒவ்வொரு வீட்டுக்கும் மேலிருந்து மூன்று குழாய் தனித்தனியாக இறங்குகிறது, இரண்டு பாத்ரூமுக்கு ஒவ்வொன்று, சமையலறைக்கு ஒன்று. வீட்டுக்கு மூன்று மீட்டர், மொத்தம் 72, ஒன்று 3,500 ரூபாய் என்றால் இரண்டரை லட்சம். உப்புத் தண்ணீரில் அது எத்தனை வருஷம் ஓடும் என்று பிளம்பரே உறுதி சொல்லவில்லை. அதனால் இப்போதைக்குத் தலைக் கணக்கு என்பது என் யோசனை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை எழுதி வாங்குவோம். விருந்தாளி வந்தால் யாரும் கணக்குக் கேட்க மாட்டோம். கிணற்று வேலை முடிந்து டிடிஎஸ் இறங்கியதும், பைப் மாற்றும்போது மீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கணக்கு இது: இணைப்புக்கு 3,60,000, கிணற்றுக்கு 1,40,000, ஐந்து லட்சம் ஆயிற்று. மிச்சம் ஒரு லட்சத்தில் சம்பின் வாயில் ஒரு பெரிய மீட்டர், மேல் டேங்க் வழியாமல் தானாக நிற்கும் சுவிட்ச், கசிகிற ஃப்ளஷ் டேங்குகளை மாற்றுவது. பெரிய மீட்டர் ஏன் என்றால் குழாயில் எவ்வளவு வந்தது, லாரியில் எவ்வளவு வந்தது என்று கழியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ஒன்றரை மணிக்கு யாரும் குனிய வேண்டாம். லாரியையும் விடவில்லை, ஆனால் ஒருவரிடம் மட்டும் கட்டுப்படாமல் இரண்டு மூன்று பேரிடம் வாங்கலாம், மீட்டரில் ஓடிய லிட்டருக்குத்தான் காசு என்று முதலிலேயே சொல்லிவிடலாம். சம்ப் முழுசாக இருக்கிற நாளில் சொல்ல வேண்டும் அதை.

கிணற்று வேலையை ஆவணிக்குள் முடித்தால்தான் ஐப்பசி மழையைப் பிடிக்க முடியும், அதனால் அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பது மணிக்கே வாட்ச்மேன் அண்ணனும் நானும் கிணற்றுப் பலகையை நகர்த்தி வைத்திருப்போம். வருகிறவர்கள் முதலில் பின்பக்கம் வந்து ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே வாருங்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள், கைப்பிடிச் சுவர் கிடையாது.